386 ரூபாயும் 19 முதலாளிகளும்

386 ரூபாயை நடுவில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒன்றே கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. இடம், எங்கள் ஊர்க் கிளை நூலக வராண்டா. அவர்களே சேர்ந்து நடத்திய கூட்டுறவுக் கடையில் மிஞ்சிய பணம், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. பாதி சில்லறை. யாராவது குரலை உயர்த்தும்போதெல்லாம் பொருளாளர் (ஏழாம் வகுப்பு, இரட்டைச் சடை) பாட்டிலைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஆளுக்கு சமமா பிரிச்சிடலாம்."

"இன்னாது சமமா? நான் மூணு பங்கு போட்டிருக்கேன்."

"தெனம் சாயங்காலம் ஒக்காந்து வித்தது நாங்க. நீ கிரிக்கெட் ஆடப் போயிட்ட."

"பரோட்டா வாங்கிடலாம்பா, பேசாம."

நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கக்கூடாது என்பது எனக்கு அவர்கள் போட்டிருந்த விதி. அந்த விதி எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கக்கேடு உண்டு.

இதற்கு வேர் என் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களிடம் ஆளுக்கு ஒரு ரூபாய் வாங்கினார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை பங்கு" என்றார் வகுப்பாசிரியர். ரோஸ் நிறத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள், அதில் என் பெயரும் ஓர் எண்ணும். தையல் டீச்சர் அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. பண்டகசாலை அதுதான் என்றார்கள். நான் பத்தாவது முடிக்கும்வரை அது இரண்டு முறை திறந்து பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் இன்ஸ்பெக்‌ஷன் நாளில். உள்ளே கோடு போட்ட நோட்டுகள் அடுக்கியிருந்தன. வாங்கலாமா என்று கேட்ட பெண்ணைத் தையல் டீச்சர் பார்த்த பார்வையில் அவள் அப்புறம் எதையுமே கேட்கவில்லை. பங்கைத் திருப்பி வாங்கவில்லை, ஆகவே சட்டப்படி நான் இன்னும் உறுப்பினர்தான் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்குத்தான் யாரும் கூப்பிடவில்லை.

ஆக, 'கூட்டுறவு' என்ற சொல்லுக்கு என் மனதில் இருந்த படம் பூட்டிய பீரோ. இன்று திருவள்ளூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வாழ்க்கையில் பாதி வரவு செலவுப் புத்தகங்களோடுதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன், படம் வரையச் சொல்வேன். 48 வயதானாலும் அவர்களுக்கு நான் 'அக்கா'. 2025-ஐ ஐ.நா. சபை கூட்டுறவு ஆண்டாக அறிவித்திருந்தது. 2012-க்குப் பிறகு இரண்டாம் முறை. நூலகத்தில் யாரோ அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்த பிறகுதான், பேச என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன்.

இந்த விஷயத்தில் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சரக்கு நமக்குத் தெரியும். நாலு மாடும் சிங்கமும். விறகுக் கட்டு. வலையோடு பறந்த புறாக்கள். கொஞ்சம் நவீனமானவர்கள் மியூசிக்கல் சேரை மாற்றி ஆடவிடுவார்கள்: நாற்காலி குறையக் குறைய ஆள் வெளியே போகாமல், இருக்கிற நாற்காலிகளிலேயே எல்லாரும் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆடிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது, ஒரு நாற்காலி உடைந்தது. ஆனால் இதெல்லாம் ஒற்றுமைப் பாடம். கூட்டுறவு வேறு. புறாக்கள் வலையோடு பறந்தன, சரி. இறங்கிய பிறகு அந்த அரிசி யாருக்கு எவ்வளவு என்று கதையில் இல்லை. அங்கேதான் கூட்டுறவு ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள்கூடச் சேர்ந்து ஒரு கடையை நடத்த முடிய வேண்டும், அதற்குத்தான் விதியும் கணக்கும்.

முதலில் ஊரிலேயே இருக்கிற ஒன்றைக் காட்டலாம் என்று பால் சொசைட்டிக்குக் கூட்டிப்போனேன். காலை ஆறு மணி. தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு கரண்டிப் பாலைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து மெஷினில் வைத்தால், கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) இவ்வளவு என்று எண் வருகிறது. அதை வைத்துத்தான் லிட்டருக்கு விலை. பிள்ளைகளுக்கு அந்த மெஷினை விட்டு நகர மனமில்லை. ஒருவன் தன் வீட்டு மாட்டுப் பாலுக்கு 4.1 வந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கத்தினான். இங்கே ஊற்றுகிற பால் மாவட்ட ஒன்றியத்துக்கும், அங்கிருந்து மாநில இணையத்துக்கும் போய், கடைசியில் ஆவின் பாக்கெட்டாகக் கடைக்கு வருகிறது என்றேன்.

அப்போது இரட்டைச் சடை கேட்டாள்: "இந்த சொசைட்டி யாருதுக்கா?"

"அவங்களையே கேளு."

வரிசையில் நின்ற ஐந்து பேரிடம் கேட்டாள். மூன்று பேர் "கவர்மென்ட்டுது" என்றார்கள். ஒரு பாட்டி "ஆவினுது" என்றார். இன்னொருவர், பால் அளந்துகொண்டிருந்தவரைக் காட்டி, "அவருதுதான், வேற யாருது?" என்றார். ஐந்து பேரும் பங்குத் தொகை கட்டிய உறுப்பினர்கள். "எங்களுது" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள்தான். அரிசி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? விதை, உரம், நகைக்கடன் என்று என் அப்பா வாழ்நாளெல்லாம் சொசைட்டிக்கு நடந்தார், தாலுகா ஆபீசுக்குப் போகிற அதே முகத்தோடு. தேர்தல் நடக்காத காலங்களில் நிர்வாகக் குழுவின் இடத்தில் தனி அலுவலர் ஒருவர் உட்கார்ந்துவிடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும், கணக்கும் சரியாகவே இருக்கட்டும். உறுப்பினருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேலை இல்லை என்றால், அது அவருடையது என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டம் சாதாரணப்பட்டதல்ல. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904-ல் வந்தது, அந்த ஆண்டே திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் ஒரு விவசாயக் கடன் சங்கம் பதிவானது. இந்தியாவிலேயே முதல் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்; கர்நாடகக்காரர்கள் 1905-ன் கணகினஹாளைச் சொல்வார்கள், அந்த வழக்கு அவர்கள் பாடு. அதற்கும் முன்னால், மதராஸ் அரசாங்கம் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. கந்துவட்டியில் முங்கிக் கிடந்த விவசாயிக்கு வழி என்ன என்று பார்த்துவரச் சொன்னார்கள். ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற ஊர்த்தலைவர் ஒருவர் ஏழை விவசாயிகளையே சேர்த்துக் கடன் சங்கங்கள் நடத்தியிருந்தார். நிக்கல்சன் 1895-லும் 1897-லுமாக இரண்டு பாகத்தில் நீண்ட அறிக்கை எழுதி, அதன் சாரமாக விட்டுப்போனது இரண்டே சொல்: ரைஃபைசனைத் தேடு. சட்டத்தையோ பணத்தையோ தேடச் சொல்லவில்லை, ஆளைத் தேடச் சொன்னார். நாம் சட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கடை வைக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

பொருள் விஷயத்தில் குழப்பமில்லை. அரசுப் பள்ளியில் புத்தகமும் நோட்டும் இலவசமாக வந்துவிடுகின்றன. வராதது பேனா, பென்சில், சார்ட், பிரவுன் ஷீட், லேபிள், மேப். "நாளைக்கு சார்ட் எடுத்துட்டு வரணும்" என்று டீச்சர் சொன்னால் அன்று சாயங்காலம் ஊரில் சார்ட் விலை ஏறிவிடும். பங்கு 20 ரூபாய் என்று வைத்தோம். 18 பேர் ஒவ்வொரு பங்கு கொண்டுவந்தார்கள். ஒருவன் மட்டும் இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினான். வீட்டில் அரிசி மண்டி. பத்துப் பங்கு.

இதற்காகத்தான் காத்திருந்தேன். கடையில் எதை விற்பது என்று ஓட்டெடுப்பு வைத்தேன். மண்டிக்காரப் பையனுக்கு சிப்ஸ் பாக்கெட் விற்க ஆசை. அவனும் அவன் கிரிக்கெட் சேக்காளிகள் ஐந்து பேரும் ஒரு பக்கம். சார்ட், பேனா என்று மற்ற 13 பேர் ஒரு பக்கம். முதலில் பங்குக்கு ஓர் ஓட்டு. எண்ணினார்கள்: அந்தப் பக்கம் 15, இந்தப் பக்கம் 13. சிப்ஸ் ஜெயித்தது.

சத்தம் நின்றது. ஒரு சின்னப் பையன் தலைகளை மறுபடி எண்ணினான். "அவங்க ஆறு பேருதான?" என்றான்.

அடுத்து ஆளுக்கு ஓர் ஓட்டு. 6, 13. சார்ட் ஜெயித்தது. ஊரில் இருக்கிற கம்பெனிகளில் முதல் கணக்கு, கூட்டுறவில் இரண்டாவது கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கு வைத்திருந்த விஷயம், பத்து நிமிஷத்தில் முடிந்தது.

மண்டிக்காரப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப என் எரநூறு ரூபா சும்மாவா?" என்றான். நியாயமான கேள்வி, பெரியவர்கள் பல பேர் இதைக் கேட்டு, பதில் பிடிக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். சும்மா இல்லை, பங்கு ஈவு, அதாவது மிச்சத்தில் பங்குக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, கிடைக்கும், ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு, பணத்துக்குக் கூலி கொடுக்கலாம், கடிவாளத்தைக் கொடுக்கக்கூடாது என்று ஏதோ சொன்னேன். அவர்களே துணை விதி எழுதினார்கள்: ஒருவருக்கு மூன்று பங்குக்கு மேல் இல்லை. அவன் 140 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டான். மொத்த மூலதனம் 420 ரூபாய். இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் வீட்டிலிருந்து பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடை அதுதான்.

பதிவுபெற்ற சங்கத்தில் சேரப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும். எங்களுடையது பதிவு, முத்திரை எதுவும் இல்லாத பெட்டிக்கடை. கேரளத்தில் பள்ளிகளிலேயே கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, பாடநூல்கள் அதன் வழியாகப் போகின்றன. கனடாவின் கியூபெக்கில் 1980-களிலிருந்து வேறொரு வழி: கோடை விடுமுறையில் பதின்வயதுப் பிள்ளைகள் சேர்ந்து தோட்ட வேலை, குழந்தை பார்த்துக்கொள்வது என்று ஊருக்குச் சேவை செய்யும் ஒரு கூட்டுறவை நடத்துவார்கள். வேலை பிடிப்பது, கூலி பேசுவது, பிரித்துக்கொள்வது எல்லாம் அவர்களே. கோடை முடிந்தால் சங்கமும் முடிந்தது. முடிந்துபோகிற சங்கம் என்ற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் எதுவும் முடிவதில்லை, பீரோவுக்குள் போய்விடுகிறது.

சரக்கு வாங்க மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு அமைந்தது. வீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை லோக்கல் ரயிலில் சென்னை கூட்டிப்போனேன். சென்ட்ரலில் இறங்கி, பாரிமுனை ஆண்டர்சன் தெரு. பேப்பர், கார்டு, நோட்டு என்று தெரு முழுக்கக் காகித வாசனை. தலைச்சுமைக்காரர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். எங்கள் ஊர்க் கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கும் பேனா இங்கே பெட்டியாக எடுத்தால் என்ன விலை என்று கேட்டபோது, எட்டாம் வகுப்புப் பெண் என் கையைப் பிடித்து, "இத்தன நாளா நம்மள ஏமாத்திருக்காங்கக்கா" என்றாள். ரயில் செலவு, கடை வாடகை, விற்காத சரக்கு என்று நான் ஊர்க் கடைக்காரருக்கு வக்காலத்து வாங்கினேன். நம்பவில்லை. விற்காத சரக்கு என்றால் என்னவென்று அடுத்த மாதம் தெரிந்தது.

மேப். 50 தாள் கொண்ட கட்டாக வாங்கினால் ஒரு தாள் ஒரு ரூபாய்தான் அடக்கம். விலையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து பார்த்தால் 50-ம் உலக மேப். பள்ளியில் கேட்டதோ தமிழ்நாடும் இந்தியாவும். 12 விற்றது, 38 தங்கிவிட்டது.

அந்தக் கூட்டம் கொஞ்சம் கசப்பாகவே நடந்தது. "வாங்குனவங்க மூணு பேரும் கட்டட்டும்" என்று தீர்மானம் வந்தது. கொள்முதல் குழுவில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அப்போது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் சொன்னான்: "கட்டச் சொன்னா அடுத்த தபா யாரு போவா?" ஓட்டு எடுத்தார்கள். நஷ்டம் எல்லாருக்கும் என்று ஆனது. அதோடு, பில் போடுமுன் குழுவில் இரண்டு பேர் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு விதி. துணை விதிகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை ஆபீஸில் இத்தனை வருஷம் அவற்றைப் புரட்டியும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு விதிக்கும் கீழே ஒரு 38 மேப் கிடக்கிறது போல.

இப்போது என் வெட்கக்கேடு.

முதல் ஆறு வாரம் ரொக்கப் புத்தகத்தை நான்தான் எழுதினேன். தொழில் புத்தி. சிவப்பு மையில் கோடு, நீல மையில் எண். மாதக் கடைசியில் கணக்கை வாசித்தேன். "சரியா?" என்றேன். "சரிக்கா" என்று ஒரே குரலில் வந்தது. யாரும் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது. சோதித்துப் பார்க்க, பேனா விற்ற தொகையை வேண்டுமென்றே நூறு ரூபாய் கூட்டி வாசித்தேன். "சரிக்கா." அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பால் சொசைட்டி வரிசையில் நின்ற ஐந்து பேர் ஞாபகம் வந்தார்கள். இந்தக் கடைக்குத் தனி அலுவலர் நான்தான்.

புத்தகத்தை இரட்டைச் சடையிடம் கொடுத்தேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது, தேதிகள் முன்பின்னாக இருந்தன, ஆனால் தினமும் சாயங்காலம் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினாள். ஒரு வாரம் ஏழு ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடினார்கள். விற்பனைக்கு உட்கார்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காதபோது என் பர்சிலிருந்து ஏழு ரூபாயை எடுத்து பாட்டிலில் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் போனால் வராண்டாவில் பெரிய கூச்சல். முதல் நாள் ராத்திரி படுக்கையில் அவளுக்கே ஞாபகம் வந்திருக்கிறது: ஒரு சார்ட்டும் லேபிளும் விற்றதை இரண்டு முறை எழுதியிருக்கிறாள். அதை அடித்துத் திருத்தி, கணக்கை நேர் செய்து, பாட்டிலை எண்ணினால் இப்போது ஏழு ரூபாய் அதிகம். மறுபடி முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கணக்க கெடுத்துட்டீங்களேக்கா" என்றாள்.

அன்று சாயங்காலமே சிறப்புக் கூட்டம் போட்டார்கள். அக்கா பாட்டிலைத் தொடக்கூடாது. கூட்டத்தில் கேட்டால் ஒழியப் பேசக்கூடாது. நிறைவேறியது, எதிர்ப்பில்லை. ஏழு ரூபாயை ரசீது போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கூட்டுறவுக் கடைகளுக்கு முன்னோடியான ராச்டேல் கதையை அதற்கப்புறம்தான் சொன்னேன், அதுவும் அவர்கள் கேட்டதால். 1844 டிசம்பர், இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஆலை ஊர். 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண்டு. வாராவாரம் சில பென்ஸ்களாகச் சேர்த்து, மொத்தம் 28 பவுண்டு. டோட் லேன் என்ற சந்தில் கடை போட்டார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி, சரக்கு அவ்வளவுதான். முதலில் சாயங்காலத்தில் மட்டும்தான் திறந்தார்கள். "நம்மள மாதிரியே!" என்றார்கள் பிள்ளைகள். ஆலை முதலாளிகளின் கடையில் கலப்படமும் கடனும் இருந்த காலத்தில், இவர்கள் சரியான எடை, சுத்தமான சரக்கு, கைமேல் காசு என்று வைத்தார்கள். மீந்த பணத்தை, யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு லாபத்தில் ஒரு பங்கைப் படிப்பகத்துக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கினார்கள். நம் பக்கத்திலும் இந்த மாதிரியில் கடை வந்தது. 1904-ல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அப்போது அவர் அங்கே இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். "ஹெட்மாஸ்டரு மளிக கட வெச்சாரா?" என்று ஒருவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கைமேல் காசு" என்றதும் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டதை கவனித்தேன். காரணம் பிறகு தெரிந்தது. பெட்டியில் உட்கார்ந்தவர்கள் சிநேகிதர்களுக்கெல்லாம் கடன் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 64 ரூபாய் நிலுவை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு மட்டும் 14 ரூபாய். தம்பி தங்கை மூன்று பேருக்கும் சேர்த்து அவள்தான் வாங்குவாள். கடன் ஏறியதும் கடைக்கு வருவதை நிறுத்தினாள். அப்புறம் நூலகத்துக்கே வருவதை நிறுத்தினாள். வாரம் ஒரு புத்தகம் எடுத்துப்போகிற பெண்.

கூட்டத்தில் ஒருவன், "காசு போனா பரவால்ல, கடன் குடுத்தா ஆளே போயிடுறாங்க" என்றான். ஆண்டர்சன் தெருவில் எழுதி மாட்ட வேண்டிய வாக்கியம். இனிமேல் கடன் இல்லை என்று முடிவாயிற்று. ஆனால் அந்த 14 ரூபாய்? தள்ளுபடி செய்துவிடலாம் என்றது ஒரு பாதி. "அவளுக்கு மட்டும் தள்ளுனா அவளுக்கே பிடிக்காது" என்றது இன்னொரு பாதி. முடிவெடுக்காமல் அக்டோபர் போய்விட்டது.

நவம்பருக்கு வருகிறேன். 14-ஆம் தேதி குழந்தைகள் தினம் என்று எல்லாருக்கும் தெரியும். அதே நாளில்தான் கூட்டுறவு வார விழாவும் தொடங்குகிறது, 20 வரை. சொசைட்டிகளில் ஏழு வண்ணக் கொடி ஏறும், மேடையில் சால்வை மாறும். நாங்கள் கொடி ஏற்றவில்லை, கணக்கை முடித்தோம். ஜூனிலிருந்து மொத்த விற்பனை 3,150 ரூபாய். சரக்கு அடக்கம், அந்த 38 மேப்பும் சேர்த்து, 2,690. ரயில், பை, ரசீது நோட்டு என்று செலவு 74. மிச்சம் 386.

ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் 20 ரூபாய் சொச்சம். பங்குப்படி பிரித்தால் மண்டிக்காரப் பையனுக்கு 55 ரூபாய். இரண்டையும் கரும்பலகையில் எழுதினார்கள். பெட்டியில் உட்கார்ந்த மூன்று பெண்கள், எங்களுக்குக் கூலி என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து கூலியை முதலிலேயே செலவில் எழுதலாம் என்று ஒத்திப்போட்டார்கள், அந்த மூவருக்கும் அதில் முழுத் திருப்தியில்லை. பரோட்டாக் கட்சி கடைசிவரை விடவில்லை. 386 ரூபாய்க்கு எத்தனை பரோட்டா, ஆளுக்கு எத்தனை என்று அவர்கள் போட்ட கணக்குதான் அன்றைக்கு மிகச் சுத்தமாக இருந்தது.

திருப்பம் ஒரு சின்னக் கேள்வியில் வந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "இந்தக் காசு யாருகிட்டேருந்து வந்துது?" எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "நம்மகிட்டேருந்துதான? நாம வாங்குனதுல கொஞ்சம் அதிகமா வாங்கிட்டோம். திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான?"

நான் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். லாபம் என்ற சொல்லை விட்டுவிட்டு, அது மீதி என்று பார்க்கிற அந்த இடத்துக்கு வர, எங்கள் ஆபீஸில் படித்தவர்களுக்கே நாள் பிடிக்கும்.

கடைசியில் தேறியது இது. 100 ரூபாய் சேமநிதி, எடுக்கவே கூடாது. 50 ரூபாய் நூலகத்துக்கு ஒரு புத்தகம். பங்குக்கு இரண்டு ரூபாய் ஈவு, 21 பங்குக்கு 42. பாக்கி 194, அவரவர் வாங்கிய விகிதத்தில் திருப்பித் தர. உறுப்பினர்கள் வாங்கியது மொத்தம் 1,940 ரூபாய் என்று ரசீது நோட்டு சொன்னது. ரூபாய்க்குப் பத்து காசு. இவ்வளவு அழகாக வந்ததில் பொருளாளருக்கே சந்தேகம் வந்து மறுபடி கூட்டிப் பார்த்தாள்.

பெயர் பெயராக வாசித்தார்கள். 8 ரூபாய், 11 ரூபாய் 50 காசு, 6 ரூபாய். ஐம்பது காசுக்கு எங்கே போவது என்று தனி விவாதம். புத்தகத்தில் வரவு வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் பெயர் வந்தபோது, எல்லாரையும்விட அதிகமாக வாங்கியிருந்தது அவள்தான் என்பது தெரிந்தது, 150 ரூபாய்க்கு. திரும்ப வர வேண்டியது 15 ரூபாய், ஈவு இரண்டு, ஆக 17. கடன் 14 போக, சங்கம் அவளுக்கு மூன்று ரூபாய் தர வேண்டும்.

அன்று சாயங்காலம் மூன்று பேர் அவள் வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. மூன்று ரூபாயைக் கொடுத்து, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "எண்ணிப் பாத்தாக்கா" என்றார்கள். அடுத்த ஞாயிறு வந்தாள். டிசம்பரில் நடந்த தேர்தலில் நின்றாள், ஓர் ஓட்டில் தோற்றாள். மண்டிக்காரப் பையன் செயலாளர் ஆகியிருக்கிறான். மூன்று பங்கு வைத்திருப்பதால் ஆகவில்லை, பத்து ஓட்டு வாங்கியதால் ஆனான். சிப்ஸ் தீர்மானத்தை இன்னும் கைவிடவில்லை.

போன வாரம் இரண்டு பேனா வாங்கினேன். ரசீது நோட்டு வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க, தங்கிப்போன உலக மேப்புகளை எட்டாக மடித்துக் கிழித்து, பின்பக்கத்தில் ரசீது எழுதுகிறார்கள். எனக்கு வந்த துண்டில் ஒரு பக்கம் 'பேனா 2, ரூ. 10', மறுபக்கம் ஆப்பிரிக்காவின் கீழ்ப்பாதியும் கொஞ்சம் கடலும்.

"எனக்கும் ரூபாய்க்குப் பத்து காசு உண்டுல்ல?" என்றேன் விளையாட்டாக.

பொருளாளர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே சொன்னாள்: "நீங்க மெம்பர் இல்லியேக்கா. பெரியவங்கள சேக்கறதுன்னா பொதுக்குழுவுல வெக்கணும்."

விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.